எதிர்ப்பாட்டுக்குக் காத்திருந்த கதை

நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையம். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். இரண்டு பாஷையிலும் சண்டை போடத் தெரிந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டுபோய் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தால் வீடு எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பெண் நாலு வயதை எட்டப் போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காது நன்றாகக் கேட்கும். பால்காரர் மணியடித்தால் வாசலுக்கு ஓடும். வேண்டியதைக் கைநீட்டிக் காட்டும், கிடைக்காவிட்டால் அழும். பேச்சு மட்டும் இல்லை. மதுரையில் பார்த்த டாக்டர் குறையொன்றும் இல்லை, வரும்போது வரும் என்றார். வசம்பை உரசி நாக்கில் தடவினோம். கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தோம். தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்தேன். ராத்திரி அவள் தூங்கும்போது அந்த வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மா என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாடி அறைக்கு அந்தத் தம்பி குடிவந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் காலேஜில் இன்ஜினியரிங் படிக்கச் சூடானிலிருந்து வந்தவன். நல்ல உயரம், எங்கள் மாடிப்படி வளைவில் தலை குனிந்துதான் ஏற வேண்டும். முதல் மாதம் முழுக்க மறந்துபோய் இடித்துக்கொண்டான். தமிழைப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் பொறுக்கிக்கொண்டதால் அவன் வாயில் எங்கள் ஊர்த் தமிழே வந்தது. வெளியே கிளம்பும்போது மறக்காமல் "வாரேன்க்கா" என்பான். என் வீட்டுக்காரர் அதைக்கூடச் சொல்லாமல் மில்லுக்கு பஸ் ஏறிவிடுவார்.

அவன் நாட்டுப் பிள்ளைகள் இன்னும் சிலர் காலேஜில் இருந்தார்கள். அவர்களோடு அரபி பேசுவான். ஆனால் அது அவன் வீட்டுப் பாஷை இல்லை. அவன் ஊர் சூடானின் தெற்கு ஓரம், காங்கோ எல்லையை ஒட்டிய காட்டுப்பக்கம். அங்கே பேசுவது சாண்டே. யாரோ போட்ட எல்லைக்கோட்டினால் அந்தப் பாஷைக்காரர்கள் மூன்று நாடாகப் பிரிந்து கிடக்கிறார்களாம். அங்கே உபாங்கி என்று பெரிய ஆறு ஒன்று ஓடுகிறது, அதன் இரு பக்கமும் பரவலாகப் பேசுகிற பாஷைகள் பலவும் சாண்டேக்குச் சொந்தம் என்று மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமியார் சொல்லிக் கொடுத்திருந்தாராம். தமிழும் தெலுங்கும் மாதிரி, பங்காளிகள். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஆனால் பங்காளி கூட ஒருத்தர் இந்தப் பக்கம் இல்லை. இந்த ஜில்லா முழுக்க அந்தப் பாஷைக்கு அவன் ஒருவன்தான்.

சாயங்காலம் காலேஜ் பஸ் இறங்கி வந்தால் மாடிப்படியில் உட்காருவான். படிக்குக் கீழேதான் என் தையல் மிஷின். தெருவுக்கெல்லாம் பாவாடை, சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா போய் அவனுக்கு ஒரு படி கீழே உட்காரும். மற்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்ததும் "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று நச்சரிப்பார்கள். அவன் எதுவும் கேட்கவில்லை. அவன் பாட்டுக்குத் தன் பாஷையில் கதை சொல்ல ஆரம்பித்தான். பதில் பேசாத பிள்ளைக்கு எந்தப் பாஷையில் சொன்னால் என்ன என்று நினைத்தானோ, வாய்விட்டுப் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று நினைத்தானோ, நான் கேட்கவில்லை.

கதையில் எட்டுக்கால் பூச்சி ஒன்றுதான் கதாநாயகன் என்று எனக்குத் தமிழில் சொன்னான். ஊரை ஏமாற்றித் தின்கிற பயல். மாட்டிக்கொண்டால் பாட்டுப் பாடித் தப்பிப்பான். அந்தப் பாட்டு வரும் இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சொல்கிறவர் ஒரு அடி பாடி நிறுத்துவார், கேட்கிறவர்கள் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். அது வராமல் கதை நகராது. நம் ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்டுகிற மாதிரிதானே என்று மிஷினை மிதித்துக்கொண்டே "உம்" என்றேன். சிரித்தான். உம் போதாதாம், பாடத்தான் வேண்டுமாம். நான் பெற்ற பிள்ளைக்கே தாலாட்டுப் பாடாதவள். போனால் போகிறதென்று ஒருநாள் முயன்றேன். அந்தப் பாஷையில் சொல் பாதி, ராகம் பாதி. ஏற வேண்டிய இடத்தில் ஏறாவிட்டால் அது வேறு பேச்சாகிவிடும். "மேல, அக்கா, இன்னும் மேல" என்று திருத்திப் பார்த்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அவனே ஓர் அடி பாடி, செத்த நேரம் காத்திருந்து, எதிர்ப்பாட்டையும் அவனே பாடிக்கொண்டான். தானே சீட்டைப் போட்டுத் தானே எடுக்கிற மாதிரி. எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் அவன் முதல் அடியைப் பாடி நிறுத்தவும் தெருக்குழாயில் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. குடங்கள் உருள, பெண்கள் கூப்பாடு போட, எங்கள் குடத்தைத் தூக்க அவன் எழுந்தான். எனக்காகத் தண்ணீர் பிடித்துத் தருவது அவன் வழக்கம். எதிர்ப்பாட்டு நின்றுபோனது.

அந்த இடைவெளியில் பாப்பா பாடினாள்.

முழுசாக, ஏற வேண்டிய இடத்தில் ஏறி. மிஷின் தானாக நின்றது. என் கால்தான் நின்றிருக்க வேண்டும். கையில் குடத்தோடு அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்து, எதுவுமே நடக்காதவன் போலக் கதையைத் தொடர்ந்தான். எதிர்ப்பாட்டு வந்துவிட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை.

தெருவே வந்து பார்த்தது. ஆலங்குளத்திலிருந்து என் நாத்தனாரும் வந்தார். அவருக்குச் சந்தோஷமில்லை. பாப்பா அந்தப் பாட்டைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லையே. "ஏட்டி, நம்ம பாஷை ஒண்ணு வாயில வரல. யாருக்கும் புரியாத பாஷையில பாடுனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல யார்கிட்ட பேசும்? அந்தப் பயல மாடிய காலி பண்ணச் சொல்லு" என்றார். என் வீட்டுக்காரர் மதில்மேல் பூனையாகப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "எந்தக் குழாயில வந்தா என்ன மதினி, தண்ணி வந்துச்சுல்ல" என்றேன். அதோடு நிறுத்தவில்லை, அன்றைக்குப் பேசியதில் பாதி தெலுங்கு. நாத்தனார் காப்பி குடிக்காமல் பஸ் ஏறினார். ஆனால் அவர் கேட்டது என்னை உள்ளுக்குள் அரித்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தமிழில் இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தச் சித்திரையில் எங்கள் ஊர் சர்ச் சாமியார் ஒரு சேதியோடு தம்பியைத் தேடி வந்தார். அவன் ஊரில் சண்டை நடப்பது எங்களுக்குத் தெரியும். ஊரே எல்லை தாண்டி ஓடியதில் அவன் அம்மா வழியிலேயே இறந்து போயிருந்தார். சேதி யார் யார் கையோ மாறி வந்து சேர்வதற்குள் பல மாதம் ஆகியிருந்தது. அம்மா உயிரோடு இருப்பதாகவே நினைத்து இவன் தினம் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் அழவில்லை. காலேஜுக்குப் போகவில்லை. தட்டில் கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது. நான் மேலே போய்த் திட்டினேன், எனக்கு வேறு விதமாக ஆறுதல் சொல்லத் தெரியாது. அப்போதுதான் சொன்னான், கதை எல்லாம் அவன் அப்பா, அம்மாவிடம் கேட்டது. ராத்திரி அடுப்படியில் அப்பா கதை சொல்வார், அம்மா எதிர்ப்பாட்டுப் பாடுவார். அப்பா போன பிறகு அம்மா சொன்னார், இவன் பாடினான்.

"அம்மா இல்லன்னா இனிமே நான் யார்கிட்டக்கா பேச?" என்றான்.

நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் பாப்பா படியில் போய் உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொரு படியாகக் கையூன்றி மேலே ஏறினாள். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பாப்பா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று எதிர்ப்பாட்டைப் பாடினாள். அவன் திரும்பவில்லை. கதையே தொடங்காமல் எதிர்ப்பாட்டு மட்டும் வந்தால் என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் மறுபடி பாடினாள். அப்புறம் எக்கி அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"சொல்லு" என்றாள்.

என் மகள் பேசிய முதல் தமிழ் வார்த்தை அது. என்னிடம் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், காப்பி என் சேலையில் கொட்டியது.

அவன் அழுதான். அழுதுகொண்டே ஆரம்பித்தான். அந்த எட்டுக்கால் பூச்சிப் பயல் எங்கேயோ மாட்டிக்கொண்டு பாட வேண்டிய இடம் வந்தது. ஓர் அடி பாடி நிறுத்தினான். பாப்பா பாடினாள். கூடவே நானும் பாடினேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். "மேல, அக்கா" என்றான். "இன்னும் மேல."

நான் மறுபடியும் பாடினேன்.