கம்பிக்குள் போகாத கட்டம் போட்ட சேலை

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் போன வாரம் ஒரு புடவை அனுப்பியிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் கஞ்சி வாசனை. மாம்பழ நிறத்தில் பச்சைக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டம். அன்று சாயங்காலமே செல்லில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டாள்.

"புதுப் புடவை எங்கம்மா? எப்ப வீடியோ கால்ல வந்தாலும் அந்த பிளைன் புடவையவே சுத்திக்கினு ஒக்காந்திருக்கியே" என்றாள்.

"கட்டம் போட்டா படம் ஒடைஞ்சிடும்டி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் மருமகன்கூட எட்டிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கஞ்சி வாசனை வந்தால் எனக்கு அதோடு மல்லாட்டைத் தூசி வாசனையும் வந்துவிடும். வேறு ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். செஞ்சியில் எங்களுக்கு அது மல்லாட்டைதான். கல்யாணமான புதிதில் நான் ஒரு மல்லாட்டை மண்டியில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போனேன். முறத்தில் பருப்பைப் பரப்பி, சொத்தையும் சுருங்கியதும் பார்த்து எடுத்துப் போட வேண்டும். எனக்குப் பக்கத்து முறம் அஞ்சலையுடையது. பேச்சுத் துணை அவள்தான், என் வயிற்றெரிச்சலும் அவள்தான். என்னைவிட நிறம் கம்மி, ஆனால் உட்கார்ந்தால் செதுக்கி வைத்த மாதிரி உட்காருவாள். பார்க்கிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள்.

எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். முதலாளியின் மகன் ஜப்பானிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே டெலிபோன் கம்பி வழியாகப் படம் அனுப்பும் வேலையாம். ஆடும் படம், சினிமா மாதிரி. தோளில் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்க யாராச்சும் ஒருத்தர் ஒக்காந்து பேசினா போதும். அந்தப் படத்தை எங்க மெஷின்ல போட்டு சோதிச்சுப் பாப்போம்" என்றார். மண்டிப் பெண்களை அவர் "நீங்க" என்று சொன்னதற்கே எங்களுக்குச் சிரிப்பு.

எனக்கு அன்று வந்த ஆசையை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதுவரை என் முகம் ஒரு படத்திலும் விழுந்ததில்லை. கல்யாணப் போட்டோவில் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்; வகிடும் பூவும்தான் தெரியும். விழுப்புரத்தைத் தாண்டாத கால் எனக்கு. முகமாவது ஜப்பான் போகட்டுமே என்று இருந்தது.

மறுநாள் இருப்பதிலேயே நல்ல சேலையை எடுத்துக் கட்டினேன். மேல்சித்தாமூர் தேர்த் திருவிழாக் கடையில் அம்மா எடுத்துக் கொடுத்தது, பொடிக் கட்டம் போட்டது. இரவே கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தேன். அஞ்சலை எப்போதும் கட்டும் அதே வெளுத்த நீலச் சேலையில் வந்தாள். 'தொலைந்தாள் இன்றைக்கு' என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முதலில் எங்கள் இரண்டு பேரையும் ராஜகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி உட்காரச் சொன்னார். கேமராக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "பாறையும் புதருமா ரொம்பப் பொடிப் பொடியா இருக்குது. மரம் வேற ஆடுது" என்று எங்களைக் கிடங்கின் வெள்ளைச் சுவருக்கு மாற்றினார். அடுத்து என்னைப் பார்த்தார்.

"இந்தச் சேலை தாங்காதும்மா" என்றார்.

"நல்ல சேலைங்க அது!" என்று எனக்கு முன்னால் அஞ்சலை பதில் சொன்னாள். கண்ணில் சிரிப்பு.

அவர் என் முறத்தைக் காட்டி விளக்கினார். "கம்பி சின்னது, படம் பெரிசு. முழுப் படத்தையும் ஒவ்வொரு தரமும் அனுப்ப முடியாது. இப்ப நான் கண்ணு தெரியாதவன், இந்த முறம் எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லணும். ஒவ்வொரு பருப்பாவா சொல்வீங்க? 'போன தரம் மாதிரியேதான், இந்த மூலையில ரெண்டு சொத்தை'ன்னா போதும்ல? அதான் எங்க வேலையும். படத்தைக் கட்டம் கட்டமா வெட்டுவோம். முந்தின படத்துல இருந்த கட்டமேன்னா 'அப்படியே'ன்னுடுவோம். நகந்திருந்தா, எந்தப் பக்கம் எவ்ளோன்னு மட்டும் சொல்வோம். மிச்சத்துல, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத பொடியெல்லாம் வுட்டுடுவோம்."

"அப்ப சொவரு?" என்றாள் அஞ்சலை.

"சொவரு செலவே இல்ல."

"நானு?"

"நீங்களும் கிட்டத்தட்ட சொவருதான்" என்றார். அவள் பெருமையாக என்னைப் பார்த்தாள்.

என் சேலையில் பொடிக்குப் பஞ்சமில்லை. அது போதாதென்று நான் கூச்சத்தில் நெளிகிறேன், முந்தானையால் வாயைப் பொத்துகிறேன், தலையைத் திருப்புகிறேன். நெளியும் ஒவ்வொரு தரமும் அத்தனை கட்டமும் அசைகிறது. "உங்க கூச்சமே கம்பிக்குள்ள போவாது போல" என்றார். பேருக்கு என்னைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அஞ்சலையை ஆசை தீர எடுத்தார். உள்ளேயிருந்து அவர் அப்பா, "டேய், வேலை செய்யறவங்கள ஏன்டா கெடுக்கிற?" என்று குரல் கொடுத்தார். "இரு நைனா, முடிஞ்சிடுச்சி" என்றார் மகன். எனக்கும் அன்றோடு எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

அப்புறம் மண்டியில் அஞ்சலைக்கு 'ஜப்பான்காரி' என்று பெயர். டீ வாங்கி வருகிறவர்கூட "ஜப்பானுக்கு ஒண்ணா?" என்று கேட்பார். அவள் இன்னும் நிமிர்ந்து உட்காருவாள். அவள் முறத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வெளுத்த நீலச் சேலை கிழிய வேண்டும் என்று நேராகவே சாமியிடம் கேட்டிருக்கிறேன். கிழியவில்லை. நல்ல நூல்.

அடுத்த வருஷம் அவர் ஒரு கேசட்டோடு வந்தார். மெஷின் ஒரு பக்கம் சுருட்டி, மறு பக்கம் விரித்த படமாம். எந்த நாட்டு மெஷின் சுருட்டினாலும் வேறு நாட்டு மெஷின் விரிக்க வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து ஒரே முறை வகுக்கிறார்களாம். முதலாளி வீட்டு டிவியில் போட்டார். அஞ்சலை வந்தாள். கொஞ்சம் மங்கல், மற்றபடி அதே அஞ்சலை. எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்து நான். முதலில் ஒரு பெண் மாதிரி தெரிந்தது. நெளிந்தேனோ இல்லையோ, முகம், கை, சேலை எல்லாம் சதுரம் சதுரமாகப் பிரிந்து விழுந்தன. மூக்கு ஒரு கட்டத்தில், வாய் ஒரு கட்டத்தில்.

"இன்னாடி, ஒன் மூஞ்சி புட்டு மாதிரி உதுருது!" என்றாள் அஞ்சலை. வீடே சிரித்தது. என் முகம் ஜப்பான் வரை போயும் முகமாகப் போகவில்லை.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அஞ்சலையக்கா படம் முதல் தடவையே சரியா வந்துடுச்சி. எடுத்து வச்சிட்டோம். இவங்க படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறோம். ஆபீஸ்ல எல்லாருக்கும் இவங்களத் தெரியும்" என்றார்.

நான் அதை ஆறுதல் பேச்சு என்று விட்டுவிட்டேன். அஞ்சலை விடவில்லை. வீட்டுக்கு நடந்தோம். சங்கராபரணி பாலத்தில் நின்று, "என்னக் கொண்டும்போயி மூலையில வச்சிட்டானுங்க. உன்னத்தான்டி தெனம் பாத்துக்கினு இருக்கானுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பாக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த பொங்கலுக்கு அவள் கட்டம் போட்ட சேலை எடுத்தாள். நான் வெறும் நீலம் எடுத்தேன். இன்னொரு தரம் கேமரா வந்தால் ஆயத்தமாக இருக்க வேண்டும் இல்லையா? அவர் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேலையை மாற்றிக்கொண்டவர்கள் மாதிரியே கிழவியானோம். "ஜப்பான்ல உன்ன இன்னும் பாக்கறானுங்களா?" என்று கடைசி வரை கேட்டாள். "பாக்கறாங்களாம்" என்பேன். உம்மென்று ஆகிவிடுவாள்.

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல் கடை. அந்த வெள்ளைச் சுவரும் இல்லை. கேசட் என்னவாயிற்றோ. அஞ்சலை கண்ணை மூடி வருகிற ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. படம் எடுத்த அன்று முதலாளி மகன் வேறொன்றும் சொன்னார்: முந்தின படத்தையே பார்த்துப் பார்த்து வரைந்தால் தப்பு சேர்ந்துவிடும், அதனால் நடுநடுவே முழுசாக ஒரு படம் அனுப்பியாக வேண்டும் என்று. அஞ்சலையை நான் நேற்றைய நினைப்பிலிருந்துதான் இன்றைக்கு நினைக்கிறேன். அவள் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது இப்போதே சந்தேகமாக இருக்கிறது. முழுசாக இனி எங்கிருந்து வரும்?

நேற்று மகள் கூப்பிட்டபோது புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "கட்டம் கட்டமா சூப்பரா தெரியுதும்மா" என்றாள். செல்லின் மூலையில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. வேண்டுமென்றே நெளிந்து பார்த்தேன், முந்தானையால் வாயைப் பொத்தினேன், கையை ஆட்டினேன். ஒரு கட்டம்கூட உதிரவில்லை.

அஞ்சலை பார்த்திருந்தால் அன்று ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டாள்.