தெமோதரையில் ஏறிய அப்பா

தெமோதரை நிலையத்திலிருந்து புறப்பட்ட பதுளை ரயில், மலையைச் சுற்றி இறங்கி, நான் நிற்கும் பிளாட்பாரத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. பிளாட்பாரம் இலேசாக அதிர்கிறது.

சிறுவயதில் காய்ச்சலோடு என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தேத்தண்ணி வாங்க இங்கே இறங்கிய அப்பாவை விட்டுவிட்டு ரயில் கிளம்பிவிட்டது. தேயிலைத் தோட்டத்தைத் தாண்டியறியாத அம்மா அழத் தொடங்கினார்.

எதிர் இருக்கையில் இருந்த, பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா சிரித்தார். "அழாதீங்க தங்கச்சி. ரயிலு சுத்திக்கிட்டு அவருகிட்டதான் வரும்."

"வெளையாடாதீங்க நானா!"

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும், நிலையத்திலிருந்து சரிவில் இறங்கி நின்ற அப்பா, ஊர்ந்த வண்டியில் தொற்றி ஏறினார்.

"எங்கங்க போனீங்க?"

"நான் எங்க போனேன்? நீங்கதான் ஊரச் சுத்திட்டு வர்றீங்க."

சற்றுமுன் விட்டுவந்த நிலையம் இப்போது தலைக்கு மேலே நின்றது. அம்மா சன்னல் வழியே அதைப் பார்த்துக் கைகூப்பினார்.