போட்டோவுக்கு வந்த ரோபோ

இன்று எங்கள் பள்ளிக்கு ரோபோ வந்தது. மலைமேல் இருக்கிற எங்கள் கிளாவரைக்கு பஸ் ஒழுங்காக வருவதே பெரிய விஷயம்.

கொண்டுவந்தது, அறிவியல் ஆசிரியர்களுக்கு உதவுகிற நிறுவனமாம். பள்ளிக்கு ஒரு ரோபோ வேண்டும் என்று நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன். நேற்றே உடைந்த பீக்கர்களை ஒதுக்கி, அலமாரியில் ஒரு தட்டைத் துடைத்து, பேப்பர் விரித்து வைத்திருந்தேன்.

ஜீப்பில் வந்தவர்கள் எட்டாம் வகுப்பு முத்துச்செல்வியின் கையில் ரோபோவைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவள் சும்மா இருப்பாளா? மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டாள். அது ஒரு முழம் ஓடியது. வகுப்பே கத்தியது.

வந்தவர்களில் ஒருவர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். "ஐயோ மேடம், ஆன் பண்ண வேணாம்னு சொல்லுங்க. சார்ஜ் போயிடும். அடுத்து தாண்டிக்குடி பக்கம் ஒரு ஸ்கூல்ல போட்டோ எடுக்கணும்."

"அப்ப இது எங்களுக்கு இல்லீங்களா?"

"ஒரே பீஸ்தான் மேடம். உங்களுக்கு சர்ட்டிபிகேட் தர்றோம்."

முத்துச்செல்வி விடவில்லை. "இங்கனயே கெடக்கட்டும் சார். நாங்க பத்திரமா வச்சுக்கிறோம்."

"ஸோ ஸ்வீட்" என்று சொல்லிவிட்டு ரோபோவைப் பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார். நான் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். பழக்கம்.

சாயங்காலம் அவரிடமிருந்து வாட்ஸ்அப். பிள்ளைகள் நன்றி சொல்லி ஒரு வீடியோ அனுப்ப வேண்டுமாம். அதில் அவர்கள் ரோபோவோடு விளையாடிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

யாரிடமாவது காலி அட்டைப்பெட்டி இருந்தால் சொல்லுங்கள். நாங்களே ஒன்று செய்துகொள்கிறோம். அதற்குச் சார்ஜும் போகாது.