வார்மரோடு போகாத ஒயர்

மைசூருக்கு வந்து பதினான்கு வருடமாகியும் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. நான் நர்ஸாக இருக்கும் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், பாக்கெட் லேசாகக் கிழிந்திருந்தாலே புதுக் கையுறையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில், மலையடிவாரத்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நான் வேலை பழகியபோது, போட்ட கையுறையையே கழுவி, பவுடர் தூவி, கொடியில் காயவைப்போம். இன்று அங்கே என் தங்கை நர்ஸ். உடம்பு சில்லிட்டுப்போன பச்சைக் குழந்தையை அவள் இப்போதும் குண்டு பல்புக்குக் கீழே வைத்துத்தான் சூடேற்றுகிறாள்.

போன வருடம் எங்கள் பழைய வார்மரை, அதாவது குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் மெஷினை, ஆப்பிரிக்காவில் ஓர் ஏழை ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாக அனுப்பினார்கள். எங்கள் ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். மேட்ரன் ஸ்டெல்லா மேடம் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். “பேப்பரெல்லாம் சைன் ஆயிடுச்சும்மா. அடுத்த தடவ பாக்கலாம், ஆய்தா?” என்றார், ‘சரியா’ என்பதை மட்டும் கன்னடத்தில். பெட்டி கட்டும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இத்தன வருஷம் கூடவே இருந்த மெஷின், கஷ்டமாத்தான் இருக்கும்” என்று தோளைத் தட்டினார். கஷ்டமாவது மண்ணாவது! சுத்தமான வயிற்றெரிச்சல். எந்தக் கண்டத்திலோ இருக்கிற ஊருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, பஸ் ஏறினால் ஆறு மணி நேரத்தில் போய்விடக்கூடிய எங்கள் ஊருக்கு இல்லை.

குழந்தையின் வயிற்றில் ஒட்டிச் சூட்டை அளக்கும் ஒயரை மட்டும் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வார்மரே இல்லாத தங்கைக்கு அது எதற்கும் உதவாது. அவர்களுக்கும் முழுசாகக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆப்பிரிக்க ஆஸ்பத்திரியின் நர்ஸ் வீடியோ காலில் வந்தாள். மேட்ரன் போனை என்னிடம் நீட்டினார். “மன்னித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர், ஒயரை நாங்கள்தான் எங்கோ தொலைத்துவிட்டோம்” என்றாள் ஆங்கிலத்தில். அது இல்லாமல் சூடு தானாகக் கூடிக் குறையாது. ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்கிறார்களாம். பேசும்போதும் அவள் உள்ளங்கை குழந்தையின் வயிற்றிலேயே இருந்தது. தங்கையும் இப்படித்தான் நிற்பாள்.

“நீங்கள் தொலைக்கவில்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. “பத்திரப்படுத்தி வைத்தீர்களே, நன்றி சிஸ்டர்!” அதைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஒயரை அனுப்பப் போன கூரியர் கடையில், அனுப்புநர் என்ற இடத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினேன். பொறாமை போய்விடவில்லை. வாங்குகிறவர்கள் வரிசையில் இடம் கிடைக்காத ஊர், கொடுக்கிற இடத்திலாவது இருக்கட்டும். கடைக்காரர் பெயரை உற்றுப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார். எங்கள் ஊர் என்று நானும் கன்னடத்திலேயே சொல்லி, போன் நம்பருக்கு என் மைசூர் நம்பரைக் கொடுத்தேன்.