ஒரு கட்டிலுக்கு நாலு பாய்

அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. மாமாவுக்குச் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரகடம் கம்பெனிக்கு மாற்றல் வந்ததும், இனி ரெண்டு பேரும் அம்மா வீட்டில்தான் இருப்போம் என்று பிடிவாதம் பிடித்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

காலேஜில் அப்போதுதான் ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று பாடம் நடந்து முடிந்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு தாங்குவது ஐந்து பேரை. கூடத்தில் பாதி தறிக்கு. மிச்சத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். ஹவுஸ்ஃபுல்.

"இன்னாடா பெரிய கணக்கு?" என்றாள் அம்மா. "சித்தப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்து தூங்கும்போது அப்பா தறிக்குழில உக்காந்து நெய்யறாரு. அவரு படுக்கும்போது இவரு வேலைக்குப் போயிடறாரு. எல்லாரும் ஒரே நேரத்துல காலை நீட்டிக்கினா இருக்கோம்? பாயைச் சுருட்டுனா எடம்."

இந்தத் தெருவில் இவ்வளவு குடும்பங்கள் எப்படி அடங்குகின்றன என்பதற்கு என் புரொஃபசரிடம்கூட இப்படி ஒரு பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா அக்காவோடு மினி லாரியில் வந்து இறங்கினார். கூடவே தேக்கு டபுள் காட். அபார்ட்மெண்டில் வளர்ந்த மனுஷன், பாவம்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இதை உள்ள போட்டா நான் தறி மேலதான் படுக்கணும்."

"ரெண்டு பேரு படுக்கற கட்டிலு, நாலு பாயைத் தின்னுது மாப்ள!" என்றார் சித்தப்பா.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "அவளுக்கு இடுப்பு வலி. தரையில எப்படிப் படுப்பா? கம்பெனி போற வழியில வாலாஜாபாத்ல வாடகைக்கு வீடு பாத்துக்கறோம்."

அம்மாவின் கண் கலங்கியது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா தன் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். "ராவுல விரி, காலைல மடக்கு. குழந்தை பொறந்த அப்புறம் குடுத்தா போதும்மா."

அக்கா அதில் உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பார்த்தாள். "எனக்கு இது போதும். டபுள் காட்தான் வேணும்னா நீ அதோட வாலாஜாபாத் போ. வாரா வாரம் வந்து பாரு."

தெருவே சிரித்தது. மாமா டிரைவரிடம் தன் அண்ணன் வீட்டு விலாசத்தைச் சொல்லி, கட்டிலைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலை தோளில் துண்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், குளிக்க எனக்கு எந்த டைம்?"

என் வாளியை அவரிடம் நீட்டினேன். "ஆறரை என்னுது. நீ எடுத்துக்க மாமா."

உள்ளே போனவர் பாட ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா கதவை இடித்தார். "மாப்ள! ஆறே முக்கால் என்னுதுபா!"