ஸ்டெல்லாவின் குரலுக்காகக் கேட்ட ஒரு வெர்ஷன்

மகளின் கல்யாணத்துக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, என் மனைவியின் குரல் ஒரு கைப்பேசிக்குள் மாட்டிக்கொண்டது.

பிரியமான விசுவாசிகளே, நான் சாட்சி சொல்லிப் பழகியவன் இல்லை. சபையில் எழுந்து நின்றால் எனக்கு வார்த்தை வராது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வாய் ஓயாது, ஆனால் அதெல்லாம் திட்டு. இருந்தும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா இங்கே மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கடைசி வரிசையில் தூங்குகிறவனை எழுப்ப அவள் இடத்தை விட்டு நகர வேண்டியதே இல்லை, அப்படி ஒரு குரல். ஆறு வருடங்களுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். உயிர் தங்கியது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். குரல் போய்விட்டது.

கைப்பேசி ஆப் எழுதுவதுதான் ஷா ஆலத்தில் எனக்குப் பிழைப்பு. ஆபரேஷனுக்கு முன் கிடைத்த நாள்களில் அவளுக்காக ஓர் ஆப் எழுதினேன். அவள் தன் குரலில் வாக்கியங்களைப் பதிந்து வைப்பாள். பிறகு திரையில் ஒரு பட்டனைத் தொட்டால் அவள் குரலே பேசும். "சாப்டாச்சா?" "கேட்ட பூட்டிட்டீங்களா?" "மழ வருது லா, துணிய எடுங்க." சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழுந்து வராத வேளைக்கென்றே ஒரு சிவப்புப் பட்டன் வைத்தாள். அது சொல்வதை இங்கே எழுத முடியாது.

அதோடு பூட்டுப் போட்ட ஒரு பகுதியும் கேட்டாள். "இதுக்குள்ள நான் பேசுறத நீங்க கேக்கக் கூடாது. காப்பி எடுக்கக் கூடாது. இன்டர்நெட்டுக்கும் போகக் கூடாது. சரியா?" என்றாள். சரி என்றேன். நம் வீடுகளில் பெண் கல்யாணத்தன்று கோயிலுக்குப் புறப்படும் முன் தாய் அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பாள் அல்லவா? அந்த ஜெபத்தைத்தான் எங்கள் ஒரே மகள் பிரிசில்லாவுக்காக அதற்குள் பேசி வைத்தாள். பிரிசி அப்போது படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை யார் என்று யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் தயாராக இருந்தது.

குரல் இழந்த வேறு சிலரும் அப்போதே கேட்டதால் அந்த ஆப்பை ஆண்ட்ராய்டு ஸ்டோரில் வெளியிட்டேன். அவள் பதியத் தொடங்கும் முன்பே, ஸ்டோரின் முத்திரையோடு வந்ததைத்தான் ஸ்டெல்லாவின் போனிலும் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதை நான் தொடவில்லை. நன்றாக ஓடுகிறதை எதற்குத் தொட வேண்டும்?

போன வருடம், பிரிசியின் சேலைக்காகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்த ஒரு மத்தியானம், ஸ்டெல்லாவின் போன் தானாகவே சிஸ்டத்தை அப்டேட் செய்துகொண்டது. கடையில் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆப்பைத் தொட்டாள். திறந்தது, மூடியது. மறுபடி தொட்டாள். திறந்தது, மூடியது. கடைக்காரர் சேலையை மடிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே ஒரு கைப்பேசிக் கடை. அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "ஈஸிதான் பாஸ், அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க," என்று விரலை வைத்தார். ஸ்டெல்லா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கியே விட்டாள். நீக்கினால் உள்ளே இருக்கும் பதிவுகளும் சேர்ந்து போகும் என்று அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தி அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருப்பாளா? வண்டியில் உட்கார்ந்ததும் தன் சின்னப் பலகையில் எழுதிக் காட்டினாள்: "மத்ததெல்லாம் போனாலும் பரவால்ல. பிரிசிக்குப் பேசுனது மட்டும் வேணும்."

எனக்கு ஒரே வழிதான் இருந்தது. ஆப்பைச் சரிசெய்து ஸ்டோர் மூலமாகவே புதிய பதிப்பாக அனுப்ப வேண்டும். நானே நேராகப் போனில் ஏற்றலாம் என்றால், ஸ்டோர் முத்திரை இல்லாததைப் பழையதன் மேல் போட போன் விடாது. ஸ்டோரோ பழைய ஆண்ட்ராய்டு சிஸ்டத்துக்காகக் கட்டிய ஆப்பை வாங்காது. புதிய ஆண்ட்ராய்டுக்குக் கட்ட வேண்டுமென்றால் ஆப்பைக் கட்டித் தரும் பில்ட் டூல் புதிதாக வேண்டும். அந்த டூல் ஓட ஜாவா என்ற மென்பொருளும் புதிதாக வேண்டும். ஒன்றை இழுத்தால் நான்கு வந்தன.

நானும் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கடைசி வெர்ஷனுக்கு ஏற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒரு பிழையைத் தீர்த்தால் அது தன் தம்பியை அனுப்பியது. ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் அஸ்லான் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தார். "சபார்லா, சாம்," என்று முதுகில் தட்டுவார். பொறுமை என்ற சொல்லையே எனக்குப் பிடிக்காமல் போன வாரம் அது.

ஒருவழியாக ஆப் கட்டி முடிந்தது. ஸ்டெல்லாவின் போனில் சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொரு போனில் பழைய ஆப்பைப் போட்டு, பூட்டிய பகுதியில் நானே ஏதோ பேசிப் பதிந்து, அதன்மேல் புதியதை ஏற்றினேன். அழகாகத் திறந்தது. பூட்டிய பகுதி காலியாக இருந்தது.

அங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். பூட்டைத் திறந்து மூடும் வேலையைச் செய்வது ஒரு சின்ன மென்பொருள் துண்டு. பிளகின் என்போம். யாரோ ஒருவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதன் புதிய வெர்ஷனுக்குப் பழைய பூட்டைத் திறக்கத் தெரியவில்லை. திறக்க முடியாததை அது துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பழைய வெர்ஷனுக்கோ புதிய ஆண்ட்ராய்டில் ஓடத் தெரியாது. பழையதை வைத்தால் ஆப் திறக்காது. புதியதை வைத்தால் குரல் அழியும். அஸ்லான் எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கி வந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் ரூத் ஆன்டி வீட்டில் எங்கள் ஜெபக் கூட்டம். எனக்குப் போக மனமே இல்லை, ஸ்டெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள். ரூத் ஆன்டி ஓய்வுபெற்ற தாதி. அவர் நடத்தும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. "என் வேலைக்காக ஜெபியுங்கள்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு யாரும் உட்கார முடியாது. ஆண்டவரிடம் என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதைத்தான் எல்லோரும் ஜெபிப்பார்கள்.

என் முறை வந்தது. நான் எரிச்சலோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அப்டேட், ஸ்டோர், டூல், பூட்டு, எல்லாம். பாதிப் பேர் மரியாதைக்காகத் தலையாட்டினார்கள்.

"தம்பி, கஷ்டத்தச் சொல்லிட்ட. இன்னும் கேக்கலயே. என்ன வேணும்?" என்றார் ரூத் ஆன்டி.

"அதான் ஆன்டி, வழியே இல்லைங்கிறேன்."

"வழி இருக்கா இல்லையான்னு நீ ஏன் பாக்குற? அது அவரு வேல. உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "பழைய பூட்டத் தொறக்கவும் தெரியணும், புது ஆண்ட்ராய்டுல ஓடவும் தெரியணும். அப்படி ஒரு வெர்ஷன் வேணும். போதுமா?"

"போதும்," என்றார் ஆன்டி. கண்களை மூடிக்கொண்டார். ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். லோரி ஓட்டும் அந்தோணி அண்ணன் ஜெபித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆண்டவரே, வெர்ஷன்னா என்னான்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்ச வெர்ஷன் ஒண்ணு நம்ம சாமுவேலுக்குக் காட்டும்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க முடியவில்லை. ஸ்டெல்லா சத்தமில்லாமல் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரும் அரிசிச் சேமியாவில் செய்த மீகூன் சாப்பிட்டார்கள். கையில் தட்டை வைத்துக்கொண்டு நான் சொன்ன வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வெர்ஷன் வேண்டும். சரி, அப்படி ஒன்று இல்லை என்று எனக்கு யார் சொன்னது? நான் பழையதைப் பார்த்தேன், கடைசியைப் பார்த்தேன். நடுவில் வந்தவற்றை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசி வெர்ஷன் இருக்கும்போது நடுவில் இருப்பதை எவனும் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை பசியாறிவிட்டு அந்தப் பிளகினின் பழைய வெளியீடுகளைத் திறந்தேன். இருந்தது. சகோதர சகோதரிகளே, இருந்தது! நடுவில் ஒரே ஒரு வெர்ஷன், பழைய பூட்டைத் திறந்து புதிய பூட்டுக்கு மாற்றித் தருவதற்கென்றே எழுதப்பட்டது. அடுத்த வெர்ஷனிலேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அது வெளிவந்த மாதத்தைப் பார்த்தேன். ஸ்டெல்லா பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அதே மாதம். நாங்கள் இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அழுதுகொண்டிருந்தபோது, எங்களைத் தெரியாத யாரோ ஒருவர், எந்த ஊரோ, இதை எழுதி முடித்திருக்கிறார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் முழங்கால் போட்டேன். அன்றுதான் நான் ஜெபித்தேன்.

அதன்பின் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். அந்த நடு வெர்ஷனை அசையாமல் வைத்தேன். அதற்கு ஒத்துவரும் ஜாவா எது, அந்த ஜாவாவோடு சேரும் பில்ட் டூல் எது, அந்த டூல் ஸ்டோர் கேட்கும் ஆண்ட்ராய்டை எட்டுமா என்று பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். மயிரிழையில் எட்டியது. சோதனைப் போனில் மறுபடி பழைய ஆப்பைப் போட்டு, ஏதோ பேசிப் பதிந்து, அதன்மேல் இதை ஏற்றினேன். பூட்டிய பகுதிக்குள் நான் பேசிய உளறல் அப்படியே இருந்தது. என் குரலைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய ஒப்புதலுக்குக் காத்திருந்தோம். பூமாலைக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, ஒப்புதல் வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் வந்தது. "அப்டேட்" என்ற பட்டனை ஸ்டெல்லாவே தொட்டாள். ஆப் திறந்தது, மூடவில்லை. அவள் என்னை அறைக்கு வெளியே போகச் சொல்லிக் கை காட்டினாள். நான் கதவுக்கு வெளியே பள்ளிப் பையன்போல் நின்றேன். வெளியே வந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். முகமெல்லாம் கண்ணீர்.

கல்யாண நாள் காலை, வீடு நிறைய ஆட்கள். பிரிசி கூடத்தில் முழங்கால் போட்டாள். ஸ்டெல்லா ஒரு கையை மகள் தலையில் வைத்து, மறு கையால் போனைத் தொட்டாள். ஐந்து வருடமாக நாங்கள் கேட்காத புதிய வார்த்தைகள், அதே குரலில் வந்தன.

"பிரிசி, மொதல்ல நேரா இரு. கூன் போடாத."

கூடமே சிரித்தது. பிரிசி நிமிர்ந்தாள், அழுதுகொண்டே. பிறகு ஜெபம். அதை நான் எழுத மாட்டேன், அது தாய்க்கும் மகளுக்கும் உரியது. ஆனால் கடைசியில் அவள் சொன்னதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

"இந்த ஆப்பு இதுக்குள்ள ஒரு தடவையாவது கெட்டுப் போயிருக்கும். எனக்குத் தெரியும், உங்கப்பா எழுதுனதாச்சே. கெட்டுப்போனா அத தொறக்குற வழிய அவருக்குக் காட்டும் ஆண்டவரேன்னு இப்பவே கேட்டுட்டுத்தான் பூட்டுறேன். பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டிருப்பாரு பாரு, டிஷ்யூ குடு."

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். நான் வெள்ளிக்கிழமை கோபத்தோடு கேட்டதை, அவள் ஐந்து வருடங்களுக்கு முன்பே, கடைசியாகப் பேசிய நாள்களில் கேட்டு முடித்திருந்தாள். அதற்குப் பதிலும் உடனே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நான் போய் எடுக்கத்தான் தாமதமாயிற்று.

இப்போது நான் கூட்டத்துக்கு யாரும் இழுக்காமல் போகிறேன். அந்தப் பிளகினை எழுதியவருக்காக, பெயர் சொல்லத் தெரியாமலே, தினமும் ஜெபிக்கிறேன். உங்களுக்கும் ஒன்று சொல்வேன். திறக்காத ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். வழி இல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். என்ன வேண்டும் என்று அவரிடம் தெளிவாகக் கேளுங்கள். முடியாவிட்டால் கோபமாகவாவது கேளுங்கள். என் கோபத்தை அவர் தாங்கிக்கொண்டார்.

இன்னும் எழுத ஆசைதான். ஆனால் சமையலறையிலிருந்து சிவப்புப் பட்டனின் சத்தம் கேட்கிறது, இரண்டாம் தடவை. ஸ்தோத்திரம். நான் சாப்பிடப் போகிறேன்.