டேப் பிடித்த செல்வராஜ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை செல்வராஜ் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நம் ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறவர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். வேலைப் பழக்கம்... எங்கே போனாலும் விடாது.

"மாரிமுத்து செத்துட்டான் சேர். எனக்கு மட்டும் கேதம் சொல்லி விடல" என்றார்.

மாரிமுத்து அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். முன்பு பக்கத்து வீட்டுக்காரரும்கூட. அவர் இறந்த செய்தியை இவர் பஸ் ஹோல்ட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் ஆள் விட்டுச் சொன்னவர்கள் இவருக்குச் சொல்லவில்லை. ஏன்?

சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கிருக்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கும் — குழாயில் பால் கலக்காத பிளேன்டி நிறத்தில் தண்ணீர் வந்த காலத்தில் இந்தப் பேப்பரின் இதே பத்தியில் எத்தனை வாரம் கத்தினேன்? நிலையத்தைப் பெரிதாக்குங்கள், இன்றே தொடங்குங்கள் என்று.

தொடங்கத்தான் வந்தார்கள். ஆனால் இடம்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, முன்னால் ரோடு. பழைய தொட்டிகளைத் திருத்த வேண்டுமானால் அவற்றை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஊருக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் முதலில் புதிதாக ஒரு தொட்டி கட்டியாக வேண்டும். அதற்குத் துண்டு நிலம்கூட இல்லை என்று இன்ஜினியர்கள் வரைபடத்தைச் சுருட்டினார்கள்.

அப்போதுதான் நம்மவர் வாயைத் திறந்தார். அந்த நிலைய வளவின் ஒவ்வொரு அடியும் தெரிந்தவர் அல்லவா? தொழிலாளர் குவாட்டர்ஸ் நிற்கும் நிலமும் நிலையத்துக்குச் சொந்தமானதுதான் என்று சொல்லி, கூட்டிப்போய்க் காட்டி, அளக்கும் டேப்பின் ஒரு நுனியை அவரே பிடித்தார். ஐந்து குடும்பங்கள் வாசலில் நின்று பார்த்தன. அதில் ஒன்று அவருடையது.

"மேட்டுல புதுசா கட்டிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன் சேர்."

கேட்டிருக்கலாமே அண்ணே என்றேன்.

"இன்ஜினியர் மாத்தயாகிட்ட அதெல்லாம் எப்படிங்க கேக்குறது?"

இதுதான் நம் ஆட்களின் வியாதி. படித்தவர் ஒருவர் இல்லை என்று கையை விரித்தால் நமக்குப் பொறுக்காது. நம் அடுப்படியைக் காட்டியாவது இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். பிறகு நமக்கு என்ன வழி என்று மட்டும் கேட்க மாட்டோம்... அது மரியாதைக் குறைவு.

குவாட்டர்ஸை இடித்துத் தொட்டி கட்டினார்கள். மேட்டில் யாரும் எதுவும் கட்டிக் கொடுக்கவில்லை. ஐந்து குடும்பமும் ஐந்து பக்கம் போயின. மாரிமுத்துவுக்குக் கெலிஓயாவில் சுவரெல்லாம் ஈரம் கசியும் ஒரு வாடகை அறை. ஏற்கெனவே நெஞ்சுச் சளிக்காரர். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்து, போய்விட்டார். செல்வராஜ் அண்ணனுக்குப் பழைய குவாட்டர்ஸ்காரர்களிடம் இப்போது வேறு பெயர். டேப் பிடித்தவன்.

சாவு வீட்டுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா என்று கேட்டார். போனோம்.

மாரிமுத்துவின் மூத்த மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அப்பா பேப்பர்ல ஒங்க பக்கத்தத்தான் சேர் மொதல்ல வாசிப்பாரு" என்று சொல்லி அழுதாள். எனக்கு உட்காரக் கதிரை போடச் சொன்னாள். செல்வராஜ் அண்ணனை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் வாசல் ஓரமாக, செருப்பு குவிந்திருந்த இடத்தில் நின்றார்.

அந்த மனுஷன் டேப்பின் ஒரு நுனியைத்தான் பிடித்தார். அளக்க வாருங்கள் என்று வாராவாரம் கூப்பிட்டது நான். அதை அங்கே, அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

கதிரை வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.